நமீப் பாலைவனத்தில் மூன்று டீச்சர்மார்

நமீபியா,
வீதியோரத் தங்குமிடமொன்றிலிருந்து.

அன்பின் தம்பி றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நல்ல சுகம். நீயும் றஸ்னாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உன்னுடைய பிரஷர் இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரையாவது அடங்கியிருக்கவும் துஆச் செய்கிறேன்.

நிற்க. "மூணு கிழவிகளையும் சிங்கம்தான் திங்கப் போகுது, உடனே வாங்க ராத்தா" என்று நீ கத்தி அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. பக்கத்திலிருந்த நதீராவும் கனகேஸ்வரியும் கேட்டுவிட்டார்கள். சிங்கத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை, கிழவி என்றதற்குத்தான் உன்மேல் கோபம். இங்கே சிக்னல் வருவதைவிடப் போவதே அதிகம் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

வாகனத்தை ஓட்ட இருந்தது நதீராவின் மகன் நளீம்தான். இங்கே தலைநகரில் வேலை செய்கிற அவனுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. "பயணத்த விடுவம் உம்மா" என்று பிள்ளை முகம் வாடிச் சொன்னான். முப்பது வருடம் ஒரே பள்ளியில் படிப்பித்து, ஒன்றாக ஓய்வு பெற்று, ஒன்றாகக் கனவு கண்டு வந்த எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கனகேஸ்வரி ஜீப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். "தம்பி, திறப்பத் தாங்க. திருக்கோவில் ஊர்ல எங்கட அப்பாட ட்ரக்டரையே ஓட்டினவள் நான்" என்றாள். அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டோம்.

தம்பி, அந்த மணல்மலைகளை நீ பார்க்க வேண்டும்! செங்கல் தூளை வானம் முட்டக் குவித்தது போல, ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல், நடுவில் கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு. பார்த்த பரவசத்தில் கனகேஸ்வரி மணல் பாதையில் ஜீப்பை விட்டாள், அது பாதிவழியில் அமர்ந்துவிட்டது. மிதிக்க மிதிக்க, எருமை சேற்றில் இறங்குவது போல இன்னும் இறங்கியது. நதீரா ஆயத்துல் குர்ஸி ஓதினாள், கனகேஸ்வரி முருகனைக் கூப்பிட்டாள், நான் தண்ணீர்ப் போத்தல்களைத் தேடினேன். நதீரா காலையிலேயே பாதியைத் தேத்தண்ணி ஊற்றி முடித்திருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. நீளக் கொம்புள்ள மானொன்று மட்டும் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், உன் குரல்தான் காதில் கேட்டது.

"சில்லுக்குக் கீழ துணியப் போட்டா ஏறும்" என்று சொல்லி, கனகேஸ்வரி நதீராவின் பெட்டிக்குள் கையை விட்டாள்.

"அல்லாஹ்வே, அது மருதமுனைச் சாரி புள்ள! நளீம்ட மேலதிகாரிட மனிசிக்குக் கொண்டந்த!"

"உசிரோட போனா ரெண்டு வாங்கித் தாறன். விடு கா."

சாரியைப் போட்டுச் சில்லைச் சுற்றியதும் அது பறந்து வந்து பின்னால் நின்ற என் தலையை மூடியது. ஜீப் அசையவில்லை. மான் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் வனக் காவலர் பெண்ணொருத்தி தன் வாகனத்தில் வந்தாள். டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்து, நாலு சில்லும் இழுப்பதற்கான லீவரை ஏன் போடவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நதீரா தன் கைப்பையை மாட்டி வைத்திருந்த குச்சிதான் அந்த லீவராம்! அவள் பையை மரியாதையாகக் கழற்றி நதீராவிடம் கொடுத்துவிட்டு லீவரைப் போட்டாள். ஜீப் ஆட்டுக்குட்டி போலத் துள்ளி வெளியே வந்தது.

பிறகு மணல்மலையில் ஏறினோம். இறங்கத்தான் தெரியவில்லை. கனகேஸ்வரி அப்படியே உட்கார்ந்து சறுக்கினாள், பின்னால் நான், என் பின்னால் "ஒண்ணா, என்னால முடியா" என்று கத்திக்கொண்டே நதீரா. அபாயாவுக்குள் அரைப் பாலைவனம். எழும்ப முடியாமல் கிடந்து சிரித்தோம். உன் மச்சான் மௌத்தான பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆனாலும் தம்பி, நீ சொல்வதுதான் சரி. இந்த வயதில் எனக்கு இது வேண்டாத வேலை. வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்துவிடுகிறேன். நீ ஆசைப்பட்டபடியே என் வீட்டை வாடகைக்குக் கொடு. உன் மேல்மாடி அறையில் தஸ்பீஹ் மணியும் கையுமாக இருந்துகொள்கிறேன்.

றஸ்னாவுக்கு என் ஸலாம். பிள்ளைகளின் ஆயுளிலும் படிப்பிலும் உன் கோபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்,
உன் ராத்தா
ஹுஸ்னியா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. கனகேஸ்வரிக்குக் கை வலி. "நீ ஓட்டு கா" என்று என்னை முன் சீற்றில் இருத்திவிட்டாள். லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்து முதலில் உன் மச்சானும் பிறகு நீயும் என்னை ஸ்டியரிங்கைத் தொட விட்டீர்களா? தொட்டுவிட்டேன்! நேரான ரோடு, மோதுவதற்கு மணலைத் தவிர ஒன்றுமில்லை. நதீரா கண்ணை மூடிக்கொண்டு ஓத ஓத அடுத்த ஊர்வரை நானே ஓட்டினேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. டிக்கெட்டை மாற்றிவிட்டோம், வடக்கே யானை பார்க்கப் போகிறோம். அதற்கு நம்மூர்ப் பக்கத்து இறக்காமம் போதாதா என்று கேட்பாய். இறக்காமத்தில் யானை நம்மைத் தேடி வரும், இங்கே நாங்கள் அதைத் தேடிப் போகிறோம். என் வீட்டுக்கு ஆள் பார்க்காதே. முன் வளவில் நிற்கிற முருங்கையை மட்டும் வெட்டிவிடு. வாகனம் திருப்ப இடம் வேண்டும்.