இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் என் வெற்றிப் பேச்சும்

பேச்சில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்பதை மிகுந்த அவமானத்தோடு ஒப்புக்கொள்கிறேன். (ஒரே ஒருமுறை தோற்றிருந்தால் அப்பா இன்னும் பேசிக்கொண்டிருப்பார்.)

அப்பா திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். ஷிஃப்ட் இடைவேளையில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்: "இன்னாமே, மாத்திரை போட்டியா?" அவர் மறைந்தபின் அம்மாவுக்கு எஞ்சியவை அந்தக் குரல்கள்தாம். அம்மாவின் போனும் இறுதிக் கட்டத்தில் இருந்ததால், நசரத்பேட்டை வீட்டிலிருந்த பழைய கணினியைச் சர்வராக்கி, அதில் அவற்றைக் காப்பதென முடிவாயிற்று.

எப்படிக் காப்பது? நான் முன்மொழிந்தது மிரர் முறை. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் நிகழ்வது மறுகணமே மற்றதிலும் நிகழும். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்த அக்கா எதிரணி.

"அப்போ ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுலயும் அழிஞ்சிடுமே? தனியா ஒரு காப்பி போட்டுக் குட்றா, எங்க ஊட்டு பீரோல கெடக்கட்டும்."

நான் எழுந்து நின்றேன். (சோபாவில் அமர்ந்தபடி எனக்கு வாதம் வராது.)

"கேட்கிறேன், அழிப்பவர் யார்? தந்தையின் குரலை அழிக்கத் துணியும் கை இந்த இல்லத்தில் எது? காட்டுங்கள் அந்தக் கையை!"

"இன்னா பேச்சு பேசறான் பாரு!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு எனக்கே.

"நல்லா பேசறது வேற, கரெக்டா பேசறது வேற மா" என்றாள் அக்கா.

நடுவர் தீர்ப்பே இறுதியானது என்றேன். அந்தத் துணிவில் அம்மாவின் போனையும் காலி செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து அந்தக் கை என் தோளிலிருந்தே புறப்பட்டது. பல வருடங்களாக எடுத்துவைத்த என் சொற்பொழிவு வீடியோக்களுக்கு இடம் போதவில்லை. 'பழசு' என்றொரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. கல்லூரிக் குப்பை என்று எண்ணி அழித்துவிட்டு, அந்த இடத்தில் வீடியோக்களை ஏற்றினேன். குரல்களைச் சேமித்த அன்று அவசரத்தில் நானே இட்ட பெயர் அது. இரண்டு டிஸ்க்குகளும் ஒருமனதாக என் கட்டளையை நிறைவேற்றியிருந்தன.

அம்பத்தூரில் டேட்டா மீட்பவர் உதட்டைப் பிதுக்கினார். "மேலயே எழுதிட்டீங்க அண்ணாத்தே. தேறாது. இன்னா ஏத்துனீங்க?"

"என் உரைகளை."

அவர் இரண்டு டிஸ்க்குகளையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அம்மா திட்டவில்லை. புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

அக்காதான் என் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள். (முழுதாகப் பார்த்தவர் உலகில் அவள் ஒருத்திதான்.) ஒன்றில், மொட்டைமாடியில் மொழியின் மாண்பு குறித்து நான் முழங்கிக்கொண்டிருக்கையில், படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்: "டேய் நைனா, போதும் நிறுத்து. சோறு ஆறுது."

அப்பாவின் குரலில் மிஞ்சியது அவ்வளவே. இப்போது அதற்கு மூன்று இடங்களில் மூன்று பிரதிகள்; ஒன்று அக்கா வீட்டு பீரோவில். நான் வாய் திறந்து மூன்றாவது வாக்கியத்தை எட்டினால் போதும், அம்மா போனை எடுத்து அதை ஒலிக்க விடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறேன்.