இருபத்தெட்டு நாளுக்கு இருபத்தொரு மாத்திரை

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் சௌக்கியம். அவள் மார்பில் ஆரம்பித்து இடுப்பெலும்பு வரை போயிருக்கும் அந்தக் கட்டி மட்டும் சௌக்கியமாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம். "நான் எப்ப வரட்டும்?" என்று நான்காவது முறையாகக் கேட்டிருந்தீர்கள். வரவே வேண்டாம். போன தடவை நீங்கள் சரிசெய்து கொடுத்த குளியலறைக் குழாய் அன்று முதல் சொட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

மூன்று மாதமாக உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். புது மாத்திரை வந்த அன்று பெட்டியைப் பிரித்து எண்ணினேன். மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரச் சோதனை பார்த்தவன், எண்ணாமல் விடுவேனா? மருந்துச் சீட்டில் இருபத்தெட்டு நாளுக்கு என்று எழுதியிருக்கிறது, பெட்டியில் இருபத்தொன்றுதான் இருக்கிறது. ஏழு குறைவு. எனக்கு வந்தது பாருங்கள் கோபம், பழைய பையிலிருந்து சிவப்பு நிராகரிப்புச் சீட்டை எடுத்து, மூன்று பிரதி எழுதி, ஒன்றைப் பெட்டியில் ஒட்டி, மருந்துக்கடைக்காரர் இல்லாத நேரம் பார்த்து மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்து உங்கள் தங்கை, "மாத்திரை எங்கே?" என்றாள். "திருப்பி அனுப்பிட்டேன்" என்றேன். "என்னையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே" என்றாள்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் பெட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் நிறுத்தினார். அந்த அம்மா சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "மூணு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. அதான் கணக்கு. உட்காருங்க" என்று என் நிராகரிப்புச் சீட்டின் பின்பக்கத்திலேயே படம் போட ஆரம்பித்தார். மச்சான், நான் அசந்துபோனேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் சோதனை வாசல்கள் இருக்கின்றனவாம். அங்கே ஒரு புரதம் பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். வேளை வந்ததும் இன்னொரு புரதம் தன் ஜோடியோடு வந்து முத்திரை குத்தினால்தான் பிரேக் தளரும், செல் அடுத்த கட்டத்துக்கு நகரும். பிரிவதற்காக மரபணுவை நகல் எடுத்ததில் பழுது இருந்தால் வரிசையை நிறுத்திவைக்க வேறொரு புரதம், பழுது சரியாகவில்லை என்றால் அந்தச் செல்லையே தீர்த்துக்கட்டும். இவ்வளவு நேர்மையான சோதனைப் பிரிவை நான் எங்கள் தொழிற்சாலையில் பார்த்ததே இல்லை. அவளுடைய கட்டியில் அந்த முத்திரைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு குத்தித் தள்ளுகிறார்கள், இந்த மாத்திரை அவர்கள் கையைப் பிடித்து நிறுத்துகிறது. "அப்ப எதுக்கு ஒரு வாரம் கையை விடணும்?" என்று கேட்டேன். "நல்ல செல்லும் பிரியணுமில்ல? ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சுடும். அது ஏறத்தான் அந்த ஏழு நாள்" என்றார். இது நோயைத் துடைத்து எடுத்துவிடாது, அடக்கி வைக்கும், எவ்வளவு நாள் என்பது ஆளைப் பொறுத்தது என்றும் சொன்னார். அதை நான் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

அன்று முதல் வீட்டில் சோதனை வாசல் வைத்துவிட்டேன். மாத்திரைக்குப் பச்சைச் சீட்டு, தேநீருக்குப் பச்சைச் சீட்டு. சீட்டு எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போகிறது என்று உங்கள் தங்கை தானே போட்டுக் குடிக்கிறாள், அது விதிமீறல். வெள்ளை அணு குறைந்திருந்த சமயம் வீட்டுச் சொந்தக்காரம்மா நலம் விசாரிக்க வந்து வாசலிலேயே மூன்று முறை தும்மினார். என் கையில் சிவப்புச் சீட்டு இருந்தது, அவர் தோளில் ஒட்டிவிட்டேன். "மனுஷங்களுக்கும் ஒட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், இன்னும் பேசவில்லை. நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏழு நாள் ஓய்வில் வெள்ளை அணுக்கள் ஜம்மென்று ஏறிவிட்டன, மச்சான். எனக்குத் தலைகால் புரியவில்லை. காத்திருப்போர் அறையில் எழுந்து நின்று, வந்திருந்த எல்லோருக்கும் பிரேக்கையும் முத்திரையையும் விளக்கினேன். ஒருவர் மட்டும் கை தட்டினார், பிறகு பார்த்தால் அவர் கொசு அடித்திருக்கிறார். உங்கள் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நாலு மாதம் ஆகிறது.

ஆகவே கவலைக்கு இடமே இல்லை. லீவு போட்டு, பஸ் ஏறி, இடுப்பு வலிக்க வர வேண்டாம். மதினிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்.

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேன் முடிவு தருகிறார்கள். கட்டி நின்றிருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். அந்த உறையை வாங்கப் போகும்போது எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நான் கூப்பிட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள், நீங்களாக வந்ததாகவே இருக்கட்டும்.