கால்சியம் அண்ணன் பிடித்து வைத்த பிரேக்

உலகத்துச் சண்டைகளுக்கெல்லாம் ஒரே காரணம்தான் என்று சொன்னவர்கள் பலர் உண்டு. அந்தக் காரணம் கால்சியம் என்று சொன்னவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ரயில் பெட்டியில் யாருக்கும் தெரியாது. சீசன் டிக்கெட்டில் இருந்திருக்கும். கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கால்சியம் என்றால் திரும்பிப் பார்ப்பார், அது போதுமானதாக இருந்தது.

காலை ரயில், நடுப்பெட்டி, இரண்டாவது கதவு. வேப்பம்பட்டில் ஏறுவார். நகரத்துக்குள் ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர். எலி மூளையை மெல்லிசாகச் சீவி, அதிலுள்ள ஒரே ஒரு நரம்பு செல்லைக் கண்ணாடி ஊசியால் பிடித்து, அதில் ஓடும் கரண்டை அளப்பார்களாம். அந்த ஊசிக்குள் நிரப்புகிற உப்புத் தண்ணீரைக் கலக்குவது அண்ணன் வேலை. அவர் பேச்சைக் கேட்டால், விஞ்ஞானிகள் எல்லாம் அவருக்கு பாட்டில் கழுவிக் கொடுக்கிறவர்கள் என்றுதான் தோன்றும்.

திருநின்றவூரில் ஏறும் பூக்கார அம்மா ஒருநாள் அவரிடம் முட்டியைக் காட்டினார்.

"கால்சியம் நல்லதுன்றாங்களே, ஒரு அட்ட மாத்திர குடேன் நைனா."

"எக்கா, அது எலும்பு. நம்மள்து மூள. வேற டிபார்ட்மெண்ட்டு."

"எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தா இன்னா? வலிக்குது, குடு."

அண்ணனின் தத்துவம் இதுதான்: "நரம்பு செல்லு ஒரு தபா வெடிச்சா, கதவு தொறந்து கால்சியம் உள்ள பூந்துடும். அத்த லபக்குனு புடிச்சி வெச்சிக்கிற ஆளுங்க உள்ளயே கீறாங்க. பேரு பஃபரு. நான் கலக்குற தண்ணிலயும் அப்டி ஒரு மருந்து கீது. கால்சியத்த புடிச்சிட்டா, செல்லு கம்முனு அடங்கிடும். புரிதா?"

புரியாவிட்டாலும் ஆவடி வருவதற்குள் புரிந்தாக வேண்டும். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்த ஒரே மருந்தை அவர் எல்லா நோய்க்கும் எழுதிக் கொடுத்தார். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம், "மாமியா கத்துனா நீ பஃபரா இரு தாயி. வாங்கி உள்ள போட்டுக்கோ" என்றார். வீட்டு ஓனர் தொல்லை, மேலதிகாரி தொல்லை, மச்சினன் தொல்லை, எல்லாவற்றுக்கும் பஃபர். பெட்டியே வாயை மூடிக்கொண்டு வாழப் பழகியது.

என் கதைக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் ஆள். ஒரு சின்ன ஜன்னல் வழியாக டிரில் பிட், கையுறை, துடைக்கிற துணி எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கூச்ச சுபாவம். அந்த ஜன்னலே எனக்குக் கொஞ்சம் பெரிதுதான்.

தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் தினமும் அந்த ஜன்னலில் வந்து கத்துவார். பத்து நிமிடம். பிறகு கையுறையோடு போய்விடுவார். அதற்குப் பிறகு மதியம் வரை, டிரில் பிட் கேட்டவனுக்கு நான் துணியை எடுத்துக் கொடுப்பேன். ராஜினாமாக் கடிதம் எழுதி டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்திருந்தேன். பத்தாவது மட்டும் படித்தவனை இந்த வயதில் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அதனால் கடிதம் தினமும் கம்பெனிக்கு வந்து, தினமும் வீட்டுக்குத் திரும்பியது.

"அவசரப்படாத ஸ்டோர்ஸு," என்றார் அண்ணன். "ஒரு மாசம் பஃபரா இரு."

இருந்தேன். சூப்பர்வைசர் கத்தக் கத்த, "சரி சார், சரி சார்" என்று எல்லாவற்றையும் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டேன். பத்து நிமிடம் இருபது ஆனது. அப்புறம் டீ நேரத்திலும் வந்தார். எதுவும் வாங்கவில்லை. கத்திவிட்டு, தெம்பாகத் திரும்பிப் போனார்.

"அண்ணே, நாளைக்கு லெட்டர் குடுத்துடப் போறேன்," என்று ஒரு காலை சொன்னேன்.

"ஒரு நாள் பொறு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்பத்தூர் வரை அவர் வாயே திறக்கவில்லை. பெட்டியில் எல்லோரும் பயந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்.

"ஸ்டோர்ஸு, தப்பு பண்ட்டேன்பா. நேத்து எங்க லேபு மேடமாண்ட கேட்டேன். வாங்கண்ணா, வந்து பாருங்கன்னு ஸ்க்ரீன காட்டுனாங்க. பாட்டிலு குடுக்கறதோட நம்ம வேல முடிஞ்சிடும், இத்தினி வருசமா ஸ்க்ரீன நான் பாத்ததே இல்ல. நம்ம மருந்து உள்ள போனதும் செல்லு அடங்கும்னு பாத்தா, சரவெடி மாதிரி வெடிச்சிக்கினே கீது!"

"ஏன்ணே?"

"கால்சியந்தான் பிரேக்காம்! அது உள்ள வந்தாத்தான் இன்னொரு கதவு தொறக்கும், பொட்டாசியம் வெளிய போவும், செல்லு அடங்கும். எல்லா செல்லும் இப்டி இல்லயாம், ஆனா நாங்க பாக்கறது இப்டித்தான். பஃபரு போய் அந்த பிரேக்கயே புடிச்சி வெச்சிக்குது. ஸ்டோர்ஸு, அந்த ஆளோட பிரேக்க நீதான் புடிச்சி வெச்சிக்கினு கீற. அவன் கத்துறது அவன் காதுக்கே போவல!"

பிறகு அவர் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பும் வேறு என்னவோவும் வருகிறது. ஒவ்வொரு இருக்கையாகப் போனார். "தாயி, மாமியா மேட்டரு தப்பா சொல்ட்டேன், அப்டியே திருப்பி வெச்சிக்கோ." "அண்ணாத்தே, ஊட்டு ஓனரு மேட்டரு, ராங்கு." அந்தப் புதுப்பெண், "லேட்டுங்க, இப்ப அவங்க தங்கச்சியும் வந்து கத்துறாங்க" என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம் என்னிடம் வந்து ஸ்டோர்ஸில் என்ன முறை என்று கேட்டார். யார் எது கேட்டாலும் சீட்டில் எழுத வேண்டும், படித்துக் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். சூப்பர்வைசருக்கு மட்டும் பயந்து நான் அதைச் செய்வதில்லை.

"எழுது. படிச்சிக் காட்டு. அவ்ளோதான் வேல."

அன்று சூப்பர்வைசர் வந்ததும் சீட்டை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதை மெல்லிய குரலில் படித்தேன்.

"கையுறை பத்து ஜோடி. யோவ் தூங்குறியா. மண்டைல இன்னா களிமண்ணா. சரியா சார்? இங்க ஒரு கையெழுத்து."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவன், "களிமண்ணு எத்தினி கிலோ சார்?" என்றான்.

சூப்பர்வைசர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் குரலை அடுத்தவன் வாயில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை போலிருந்தது. "மேல இருக்கறது மட்டும் போதும்," என்றார். கீழ் இரண்டு வரியை அவரே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர் நல்லவராகிவிடவில்லை. இப்போது கேட்டில் செக்யூரிட்டியிடம் போய்க் கத்துகிறார். செக்யூரிட்டியிடம் சீட்டு கிடையாது. என் கடிதத்தில் ஒருநாள் சாம்பார் கொட்டி, அது யாருக்கும் கொடுக்க முடியாததாகிவிட்டது.

அண்ணன் ஓய்வு பெற்று வேப்பம்பட்டிலேயே இருக்கிறார். பேச ரயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு போன் செய்கிறார். இப்போது மூளையை விட்டுவிட்டுக் குடலுக்கு வந்திருக்கிறார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் சொல்வதையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் எதிராளி நிறுத்தவே மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் செய்கிறேன்.