வாய்க்கால் வழியே வந்த சம்பந்தி

தமிழில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவது ரொம்பச் சுலபம். ஒரு ‘க்கு’ போட்டால் போதும். தேனிக்கு, கோயிலுக்கு, தோட்டத்துக்கு, மாமியார் வீட்டுக்கு. போகிற வழியில் தண்ணீர் கிடந்தாலும் முள் கிடந்தாலும் அந்த ‘க்கு’ பார்த்துக்கொள்ளும். இங்கிலீஷ் அப்படியில்லை. ஓரமாகப் போனால் ஒரு சொல், உள்ளே புகுந்து போனால் ஒரு சொல், மேலே ஏறி இறங்கினால் இன்னொரு சொல். இந்தக் குட்டிக் குட்டிச் சொற்களெல்லாம் அலங்காரத்துக்கு வைத்தவை என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். (ரசத்துல மல்லித்தழை தூவுற மாதிரி. எதத் தூவுனா என்ன?)

அப்போது நான் தேனியில் பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருடம். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவுக்கே நான்தான் இங்கிலீஷ். பேங்கிலிருந்து மெசேஜ் வந்தாலும், பூச்சிமருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் புருவத்தை உயர்த்தி ஒருமுறை படித்துவிட்டு, “பாத்து அடிங்க மாமா, ஸ்ட்ராங்கான மருந்து” என்பேன். எல்லா மருந்துக்கும் அதே பதில்தான். இதுவரை யாரும் சாகவில்லை என்பதால் என் புகழ் வளர்ந்துகொண்டே போனது.

இந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் வேலை பார்த்த என் அண்ணன் பாண்டி, கூட வேலை பார்த்த ஹன்னாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றான். கல்யாணம் எங்கள் ஊர் மண்டபத்தில். ஹன்னாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார். அவளை ஒற்றை ஆளாக வளர்த்த அப்பா மட்டும் கூட வந்திருந்தார். பெயர் ஓட்டோ. ஆறடிக்கு மேல் உயரம், தும்பைப்பூ மாதிரி தலைமுடி. அவருக்கு உதவியாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லாமே நான்தான். யாரும் நியமிக்கவில்லை. நானாகவே பதவி ஏற்றுக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயந்திரம் அவர் கவலையோடு கேட்டார்: “நாளைக்கு நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால்?”

நான் பெரிய மனுஷி மாதிரி, “அங்கிள், எங்க கல்யாணத்துல நிறையச் சடங்கு உண்டு. எதுக்குன்னு கேக்கக் கூடாது. என்ன சொல்றாங்களோ அப்படியே செய்யணும்” என்றேன். அவர் மிகுந்த பக்தியோடு தலையாட்டினார்.

விடிந்தால் ஆளைக் காணோம்.

“அங்கிள் எங்கம்மா?”

“பட்டு வேட்டி கட்டிப் பழகணும்னு கையாலயே காட்டிட்டு வாய்க்காப் பக்கம் நடந்து போனாக. அப்பவே போனாகடி” என்றாள் அம்மா.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா வேண்டாமா? மண்டபத்து வாசலில் நின்று, “ஓட்டோவக் காணோம்!” என்று நான் கத்த, ஒரு பெரியப்பா, “அந்தா ரெண்டு ஆட்டோ நிக்கிதுல்ல” என்றார். அண்ணன் மணவறையில் மாட்டிக்கொண்டிருந்தான். ஹன்னா நாலு பெண்கள் நடுவில் சேலைக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அவருக்குப் போன் போட்டேன்.

எடுத்தார். வழி தவறிவிட்டதாம். மஞ்சள் பெயின்ட் அடித்த மோட்டார் ரூம் பக்கத்தில் நிற்கிறாராம். எனக்கு இடம் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன்.

“அங்கனதான இருக்காக? நா வண்டியில போயி ஏத்திட்டு வந்துர்றேன்” என்று அப்பா சாவியை எடுத்தார்.

“வேணாம்ப்பா. நானே வழி சொல்லிக் கூட்டியாந்துருவேன்” என்றேன். சுற்றிலும் ஐம்பது சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இங்கிலீஷ் பேசும் வாய்ப்பு தினமுமா வரும்?

மோட்டார் ரூமிலிருந்து வாய்க்கால் கரை வழியாக வந்தால் ஒரு திராட்சைத் தோட்டம். அதை ஓரமாகத் தாண்டினால் தார் ரோடு. ரோட்டைத் தொட்டால் மண்டபம். இவ்வளவுதான். ‘வாய்க்கால் வழியாக’ என்பதை மனசுக்குள் ஒரு நொடியில் மாற்றி, போனில் கம்பீரமாகச் சொன்னேன்:

“அங்கிள், வாக் த்ரூ த கெனால்.”

அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: “த்ரூ?”

“யெஸ், யெஸ். த்ரூ!”

“தண்ணீர் இருக்கிறதே.”

“யெஸ் அங்கிள், வெரி குட் வாட்டர்.” (முல்லைப்பெரியாத்துத் தண்ணியாச்சே, குறை சொல்ல முடியுமா?)

சளக், சளக் என்று சத்தம் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, “எம்புட்டுத் தெளிவாப் பேசுது புள்ள” என்று நெட்டி முறித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே தோட்டத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். தோட்டத்தைத் தாண்டித்தானே வர வேண்டும்?

“நவ் கம் ஓவர் த கிரேப் கார்டன்.”

“ஓவர்? அண்டர் இல்லையா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தலுக்கு அடியில் குனிந்து வந்தால் புது வேட்டி என்னத்துக்கு ஆவது? “நோ அண்டர், அங்கிள். ஒன்லி ஓவர்.”

அவர் பெருமூச்சு விட்டது நன்றாகவே கேட்டது. பிறகு ஏதோ கம்பி அதிர்கிற சத்தம். பிறகு ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு சொல். போன் கட்டாகிவிட்டது.

அடுத்து அடித்தது அப்பாவின் போன். அந்தத் தோட்டத்துக்காரர் அந்தோணி மாமா பேசினார். ஸ்பீக்கரில் போடாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு.

“மாப்ள, ஒங்க சம்பந்தி எம் பந்தல்ல தொங்குறாக!”

“என்ன மாமா சொல்றீக?”

“கல்லுக்கால்ல ஏறி பந்தல் மேல நடக்கப் பாத்துருக்காக. கம்பி தாங்குமா? பாதி ஆளு மேல இருக்காக, பாதி ஆளு கீழ இருக்காக. நேத்துத்தான் நீல மயில்துத்தம் கலந்து மருந்து அடிச்சேன். இறக்குனா கிருஷ்ணபரமாத்மா கணக்கா இருப்பாக போல!”

ஐம்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் போனையே பார்த்தேன். நெட்டி முறித்த பெரியம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மாமா அவரை இறக்கி, மோட்டாரைப் போட்டுக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டி, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். உடம்பில் போன நீலம் தலைமுடியில் போகவில்லை. வேட்டி மேகம்போட்ட வானம் மாதிரி இருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. ஹன்னா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து ஓடிவந்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அண்ணன் என்னை எந்த வாய்க்காலில் தூக்கிப் போடுவான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த மனிதரோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கச் சிரித்தார். என்னைத் தேடிப் பிடித்து இங்கிலீஷில் கேட்டார்: “சடங்கை நான் சரியாகச் செய்தேனா? தண்ணீரைக் கடந்தேன். கொடிக்கு மேல் ஏறினேன். கடைசியில் விழுந்துவிட்டேன். விழுந்தால் பரவாயில்லையா? ஹன்னாவுக்கு ஒன்றும் ஆகாதே?”

நேற்றுச் சாயந்திரம் நான் சொன்னதை அப்படியே நம்பி, மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று இடுப்பளவு தண்ணீரில் பட்டு வேட்டியோடு நடந்திருக்கிறார்.

“என்னத்தா கேக்குறாக?” என்றார் அப்பா.

சொன்னேன். அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். சிரிப்பை அடக்கியதில் தோள்கள் குலுங்கின. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நல்லாச் செஞ்சீகன்னு சொல்லு.”

அதை மட்டும் தப்பில்லாமல் மொழிபெயர்த்தேன். நீலத் தலையோடு அவர் தாரை வார்த்துக் கொடுத்த போட்டோ இன்றும் எங்கள் நடுவீட்டில் தொங்குகிறது.

உண்மையை அவரிடம் சொல்ல அதன்பிறகு யாருக்கும் மனசு வரவில்லை. அதன் பலனை மூன்று வருடம் கழித்து என் கல்யாணத்தில் அனுபவித்தோம்.

ஓட்டோ அங்கிள் அதற்கென்றே விமானம் ஏறி வந்திருந்தார். காலையில் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்த அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். காய்ந்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. என்னைக் கூப்பிட்டுக் கவலையோடு கேட்டார்: “உன் அப்பா இன்னும் வாய்க்காலுக்குப் போகவில்லையா?”

அந்தோணி மாமா துண்டை வாயில் திணித்துக்கொண்டார். நான் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது. பிறகு வாட்சைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பந்தல் மட்டும் வேணாம்னு சொல்லு ஆத்தா. முட்டி தாங்காது.”

ஓட்டோ அங்கிள் வெகுநேரம் யோசித்து, வயதை முன்னிட்டு அதற்குச் சம்மதித்தார். தானே கையைப் பிடித்து அப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கினார். மாப்பிள்ளை வீட்டார் கரையில் நின்று பயபக்தியோடு கும்பிட்டார்கள். எங்கள் வகையறாவில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அவர்கள் ஊரிலும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சித்தப்பா மகள் கல்யாணத்தில் போட்டோகிராபரே, “முதல்ல வாய்க்கா ஷாட்ட முடிச்சுருவமா?” என்று கேட்டுவிட்டார். சித்தப்பாவும் இறங்கினார்.

போன வருடம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக வந்த அந்தோணி மாமா, குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் வீட்டுக்காரரிடம் போய்த் தோளில் கை போட்டுக் கேட்டார்:

“மாப்ள, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?”