போட்டுக்காரரின் இடது எஞ்சின்

மலாயாவில் படகு எஞ்சினைப் பற்றி எங்கள் போட்டுக்காரரைவிட அதிகமாகப் பேசியவர் இன்னும் பிறக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஒரே ஒரு சங்கடம், அவர் அத்தனையும் பேசியது கேமரன் மலையில் உட்கார்ந்துகொண்டு. ஐயாயிரம் அடி உயரம், சுற்றிலும் தேயிலை. படகு விட வேண்டுமென்றால் மழை நாளில் தொழிலாளர் லயத்து வாசலில் காகிதத்தில்தான் விட வேண்டும்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது பாதிரியாருக்கும் அவர் மனைவி ஞானம்மாளுக்கும்தான் தெரியும். எங்களுக்கு அவர் போட்டுக்காரர். கடற்கரைப் பக்கம் பந்தயப் படகு வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் மெக்கானிக்காக இருந்தவர். அந்தத் துரை எங்கள் தோட்டத்துக்கு மேனேஜராக வந்தபோது நாய், பியானோ, போட்டுக்காரர், ஒரு எஞ்சின் எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் பியானோ மட்டும் உடைந்தது.

உண்மையில் அந்தப் படகுக்கு இரண்டு எஞ்சின். வலது எஞ்சின் ஒரு பக்கமாகச் சுற்றும், இடது எஞ்சின் அதற்கு நேர் எதிராகச் சுற்றும். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் படகு கோணிக்கொண்டு போகுமாம். கடைசிப் பந்தயத்தில் இடது எஞ்சின் பிளந்துவிட்டது. வலது எஞ்சின்தான் மலையேறி வந்து எங்கள் பேக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர்களை ஓட்டியது. பிளந்ததிலிருந்து மிஞ்சியவை இரண்டே சாமான்கள். ஒன்று மேக்னெட்டோ, நெருப்புப் பொறி கொடுப்பது. இன்னொன்று கேம்ஷாப்ட் என்ற இரும்புத் தண்டு. அதிலுள்ள புடைப்புகள்தான் எந்த வால்வு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று எஞ்சினுக்கு உத்தரவு போடுபவை. இரண்டையும் எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். துரை என்றாவது புது எஞ்சின் வாங்குவார், அதில் இந்தத் தண்டைப் போட்டு ஒரு பந்தயமாவது ஜெயித்துவிட வேண்டும் என்பது அவர் கனவு.

"கேம்ஷாப்ட் எடுக்கிறது பொண்ணு எடுக்கிற மாதிரி, கிராணி," என்பார் என்னிடம். நான் அப்போது பேக்டரியில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. "நேரா ஓடுற ஆறுன்னா வால்வு ரொம்ப நேரம் தொறந்திருக்கிற தண்டு போடணும். வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்னா சீக்கிரம் மூடுற தண்டு. இது நேர் ஆத்துக்கு உள்ள தண்டு. துரை இதை வளைவுல கொண்டுபோய் ஓட்டினாரு. வேணான்னேன், கேட்டாரா?"

அடுத்தது அவருடைய வரிசை. நாலு சிலிண்டரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒழுங்காக வெடிக்கக் கூடாதாம், தண்டு முறுக்கிக்கொள்ளுமாம். வலது எஞ்சினுக்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. இடது எஞ்சினுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. இதை வாழ்க்கை முழுவதற்கும் உள்ள சட்டமாக்கிவிட்டார். பிரிஞ்சாங் டவுனில், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் மலபார் முஸ்லிமின் டீக்கடையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தால், முதல் ஆளுக்கு அடுத்து மூன்றாம் ஆளுக்குத்தான் டீ வைக்க வேண்டும்.

"போட்டுக்காரரே, நாலும் ஒரே டீதான் லா. எந்த வரிசையில வச்சா என்ன?" என்று கேட்டார் காக்கா.

"முறுக்கும்."

"எது முறுக்கும்?"

"உங்க மேசை."

காக்கா பெரிய மனிதர். அவர் சாகும்வரை எங்களுக்கு அந்த வரிசையில்தான் டீ வைத்தார்.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். நாய் எங்களோடு தங்கி மரவள்ளிக் கிழங்கு தின்னப் பழகியது. எஞ்சினுக்கு நல்ல எண்ணெய் கிடைக்கவில்லை. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயைக் குடித்துக்கொண்டு, பனை எண்ணெயைப் பூசிக்கொண்டு வலது எஞ்சின் ஒரு வருஷம் இருமியது. ஒரு நாள் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் அதன் கேம்ஷாப்டில் புடைப்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

தோட்டத்துக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஐம்பது ஜப்பானிய வார்த்தைகள் தெரியும், அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளன். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. மூன்றாம் நாள் காலை பேக்டரி ஓட வேண்டும். ஓடாவிட்டால் பேக்டரி ஆட்களுக்கு இங்கே வேலையில்லை, எல்லாரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகலாம். பட்டியல் எழுது.

சயாமுக்குப் போனவர்களைப் பற்றி அதற்குள் எங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை.

போட்டுக்காரர் ஆபீசுக்கு வந்து என் மேசைமேல் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேரு?"

"இருபத்தொண்ணு, அண்ணே. நீங்க இல்ல. மெக்கானிக்க விடமாட்டாங்களாம்."

"உன் பேரு?"

"ஏழாவது. நான்தானே எழுதினேன்."

அவர் நேரே வீட்டுக்குப் போனார். கட்டிலுக்கடியிலிருந்து கோணி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து பேக்டரியில் வைத்தார்.

"இது இடது எஞ்சின் தண்டு. இதைப் போட்டா எஞ்சின் தலைகீழாத்தான் சுத்தும்," என்றார்.

"அப்போ ரோலரும் தலைகீழாச் சுத்துமே அண்ணே?"

"பெல்ட்ட எட்டு மாதிரி குறுக்க மாட்டினா ரோலர் நேராச் சுத்தும். கிராணி வேலை பாக்கிறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?"

இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் வேலை பார்த்தார். தண்டை இறக்கி, மேக்னெட்டோவை மாட்டி, வயர்களைச் செருகி, பெல்ட்டைக் குறுக்கே போட்டார். மூன்றாம் நாள் காலை அதிகாரி நாலு சிப்பாய்களோடு வந்து நின்றார். பட்டியல் அவர் கையில் இருந்தது. இருபத்தொரு பேரும் சுவரோரம் நின்றோம்.

போட்டுக்காரர் கைப்பிடியைச் சுற்றினார். டமார் என்று ஒரு வெடி. கார்புரேட்டரிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ வந்தது. நாலு சிப்பாய்களும் தரையில் குப்புறப் படுத்தார்கள். யாரோ குண்டு போட்டுவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். அதிகாரி மட்டும் நின்றார், கை வாளின்மேல் இருந்தது. "பகேரோ," என்றார். அந்த வசவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போட்டுக்காரர் மறுபடி சுற்றினார். மறுபடி வெடி, மறுபடி தீ. உலகத்துக்கே வரிசை சொல்லிக் கொடுத்த மனிதர் கைவிரலை எண்ணிக்கொண்டு நின்றார். சயாம் எத்தனை மைல் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையோடு வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஞானம்மாளும் இருந்தாள்.

"ஏங்க, இது எந்தக் கை எஞ்சினு?" என்றாள்.

"இடது."

"வயரு எப்படிக் குடுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான். ஒண்ணு, மூணு, நாலு..."

"இடதுக்கு ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணுன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து என் உசுர வாங்கினீங்களே. இப்ப அதை யாரு போட்டுக் குடுப்பா?"

போட்டுக்காரர் இரண்டாம் சிலிண்டர் வயரையும் மூன்றாம் சிலிண்டர் வயரையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினார்.

அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பந்தயத் தண்டாயிற்றே, மெதுவாக ஓட அதற்குத் தெரியாது. கட்டடமே நடுங்கியது. ரோலர்கள் பேய் பிடித்தாற்போல் சுற்றின. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, வேகத்தைக் குறைக்கச் சொல் என்று கத்தினார்.

"மெல்ல ஓட்டினா நின்னுரும்னு சொல்லு. வேணும்னா நாளைக்குச் சின்ன புல்லி போட்டு ரோலர அடக்குறேன்," என்றார் போட்டுக்காரர்.

இதற்கு வேண்டிய வார்த்தைகள் என் ஐம்பதில் இல்லை. சக்கரவர்த்திக்காக முழு வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லி வைத்தேன். அதிகாரி எஞ்சினை நோக்கி விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். பட்டியலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜப்பான்காரன் மலையை விட்டு இறங்கும்வரை அந்தத் தண்டு ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் போட்டுக்காரர் அதை வெளியே எடுத்து, புடைப்புகளின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் தேய்ந்திருந்தது.

"போச்சு லா. இனிமே இது பந்தயத்துக்கு ஆகாது," என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. மற்ற இருபது பேரும் சொன்னதாகத் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து, படகில் கால் வைக்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்டு, மலையின் அந்தப் பக்கத்துக் கோலா தெர்லா ஊரிலிருந்தும் வந்தார்கள், காய்கறி லாரி ஓட்டப் போனவர்களும் வந்தார்கள். இருபத்தொரு பேரில் ஒருவர் குறையவில்லை. ஒல்லி மனிதர், பெட்டியில் கனமே இல்லை, நாலு பேர் தாராளமாகப் போதும். கல்லறை மேட்டை ஏற எப்போதும் பத்து நிமிடந்தான் ஆகும். அன்றைக்கு யாரும் தோளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றதால் மாற்றி மாற்றித் தூக்கியதில் பொழுது சாய்ந்துவிட்டது. பாதிரியார் இரண்டு தடவை இருமிப் பார்த்தார். ஞானம்மாள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. நான் என் முறையைத் தூக்கி முடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பின்னால் போய் மறுபடியும் வரிசையில் நின்றுகொண்டேன்.