மாறுதல் கூடாத அறை

அது ஒரு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். பிறந்தவர், இறந்தவர் என்ற வித்தியாசமெல்லாம் அங்கே பார்ப்பதில்லை. யாராக இருந்தாலும் சான்றிதழ் கைக்கு வர எட்டு மாதம் ஆகும்.

அந்த அலுவலகத்தின் இயக்குநர் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பும்போது, ஊழியரின் மனமகிழ்ச்சியே நிர்வாகத்தின் உயிர்நாடி என்ற கருத்தோடும், அதே வாசகம் அச்சடித்த தோள்பையோடும் வந்து சேர்ந்தார். மகிழ்ச்சியை முறைப்படி அளந்து பார்க்க உளவியல் படித்த ஓர் ஆராய்ச்சிப் பெண் வரவழைக்கப்பட்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"ரெண்டு அறை எடுத்துக்கலாம் சார். ஒண்ணுல பூந்தொட்டி, மெல்லிசா பாட்டு, மெத்தை நாற்காலி. இன்னொண்ணு ஒப்பிட்டுப் பார்க்க. அங்க எந்த மாறுதலும் கூடாது. மூணு மாசம் கழிச்சு எங்க வேலை கூடியிருக்குன்னு பார்ப்போம். ஆனா எந்த அறைக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் முடிவு பண்ணணும்."

"தாராளமா குலுக்கும்மா. ரெண்டு சீட்டுலயும் முதல் அறைன்னே எழுதிடு. என் மச்சினன் அங்கதான் உக்கார்றான்."

இவ்வாறாக, இரண்டாம் அறை மாறுதல் கூடாத அறை ஆயிற்று.

அந்த அறையில் இருந்தவர்களில் எழுத்தரம்மாவும் ஒருவர். கணவரும் பத்து வயது மகளும் அடுத்த மாவட்டத்தில் இருந்தார்கள். கணவருக்கும் அங்கே பதிவு அலுவலகத்தில்தான் வேலை. எழுத்தரம்மாவுக்குக் குடும்பம் என்பது வாரத்தில் ஒன்றரை நாள். நான்கு வருஷமாக மாறுதல் கேட்டு மனுப் போட்டு, அதைத் தொடர்ந்து விரட்டிக்கொண்டிருந்தார்.

ஆய்வு தொடங்கிய அன்று காலை இரண்டாம் அறையின் மின்விசிறி ஒரு முனகலோடு நின்றுபோயிற்று. பழுது பார்ப்பவர் ஏணியோடு வந்தார். இயக்குநர் வாசலிலேயே மறித்தார்.

"ஓடாத ஃபேன் ஓடினா அது மாறுதலா, இல்லையா?"

"நேத்து வரைக்கும் ஓடிட்டுதானே சார் இருந்துச்சு?"

"நேத்து ஆய்வே இல்லையேப்பா."

ஏணி திரும்பிப் போயிற்று.

இரண்டாவது வாரம் எழுத்தரம்மாவின் மாறுதல் உத்தரவு வந்தது. அவர் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார், மேஜை இழுப்பறையைக் காலி செய்தார், உத்தரவில் கையெழுத்து வாங்க இயக்குநரிடம் போனார். இயக்குநர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, துக்கம் விசாரிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"மாறுதல் வந்திருக்கு, சந்தோஷம். ஆனா உங்க அறையிலதான் மாறுதல் கூடாதே?"

"சார், அது வேற மாறுதல். இது வேற மாறுதல்."

"அரசாங்கத்துல ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தாம்மா. ரெண்டு வச்சுக்கிற அளவுக்கு நமக்கு அதிகாரம் இல்லை."

எழுத்தரம்மா நேராக ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவள் இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், ஆய்வுல இருக்கிறது அவங்க இஷ்டம். எப்ப வேணும்னாலும் விலகலாம். அதுதான் விதி!"

"விலகட்டுமே. அவங்க வேலை அறைக்குள்ள இருக்கு. அறை ஆய்வுக்குள்ள இருக்கு. ஆய்விலிருந்து விலகினா வேலையிலிருந்தும் விலகினதாத்தான் ஆகும். ராஜினாமா படிவம் தரச் சொல்லவா?"

அன்று சாயங்காலம் மகள் போனில் கேட்டாள்: "ஏம்மா வரலை?"

"ஆராய்ச்சி நடக்குதுடா கண்ணு."

"யாரை ஆராய்ச்சி பண்றாங்க?"

"என்னைத்தான். ஒண்ணுமே செய்யாம வச்சிருந்து பார்க்கறாங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்தவருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் புல்லாங்குழல் இசை. அந்தப் பாட்டில் மச்சினன் மெத்தை நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். இந்தப் பக்கம் வேர்வை கோப்பில் சொட்டியது. கோப்பு இருந்தால்தானே அறை, அறை இருந்தால்தானே ஆய்வு என்று எழுத்தரம்மாவுக்கு ஒரு கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுக் கட்டாகத் தீர்த்தார். மற்ற நாலு பேருக்கும் ரோஷம் தொற்றிக்கொண்டது. மூன்று மாதத்தில் அலமாரியின் அடிப்பலகை தெரிந்தது. அப்படி ஒரு பலகை இருப்பதே யாருக்கும் தெரியாது. விண்ணப்பித்த மறுநாளே சான்றிதழ் கிடைத்ததால், போலியாக இருக்குமோ என்று சிலர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முடிவு வெளிவந்தது. முதல் அறையில் வேலை பாதி. இரண்டாம் அறையில் இரண்டு மடங்கு.

"சார், இதை வச்சு எதுவுமே சொல்ல முடியாது" என்றாள் ஆராய்ச்சிப் பெண். "சீட்டுக் குலுக்கலை. ரெண்டு அறையும் ஆரம்பத்துலயே சமமா இல்லை. நடுவுல ஃபேன் போச்சு, மாறுதல் நின்னுச்சு. அவங்க கோபத்துல வேலை செஞ்சாங்க. இந்த ஆய்வு செல்லாது."

"செல்லாதா? எந்தத் தேதியோட முடியுது?"

"தேதி இல்லை சார். முதல் நாள்லேர்ந்தே செல்லாது."

"அப்போ வருஷக் கடைசி வரைக்கும் செல்லும்னு போட்டுப் புதுப்பிச்சுக்கலாம்" என்று இயக்குநர் முத்திரையைக் குத்தினார்.

மறு வாரம் சுற்றறிக்கை கிளம்பியது. 'மின்விசிறி நிறுத்தத்தால் பணித்திறன் இரட்டிப்பாவது அறிவியல் முறைப்படி நிரூபணம் ஆகியுள்ளதால்' எல்லாப் பதிவு அலுவலகங்களிலும் விசிறிகள் இறக்கப்பட வேண்டும். நாளிதழ்கள் எழுதின. தனியார் கம்பெனிகள் புழுக்க அறை கட்டின. காசுள்ள வீடுகளில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, வேர்வை வழிய உட்கார்ந்து, புத்தி கூர்மையானதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

மாவட்டம்தோறும் விசிறி இறக்க அனுபவசாலிகள் தேவைப்பட்டார்கள். எழுத்தரம்மாவை விட அனுபவசாலி யார்? 'பணித்திறன் சிறப்பு அலுவலர்' என்று பதவி கொடுத்து, எங்கே போக விருப்பம் என்றும் கேட்டார்கள். அவர் கணவர் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்.

முதல் நாளே கணவரின் தலைக்கு மேலிருந்த விசிறியை இறக்கினார்கள். "நீயுமா?" என்று மட்டும் கேட்டார் கணவர். மகள் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினாள். அதன் முன்னால் விசிறி ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. புள்ளிவிவரம் தொகுப்பவர் கணவர்தான். தயங்கித் தயங்கி மேஜைக்கு வந்தார்.

"வேலை மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. பாதிப் பேர் வெளி வராந்தாலதான் இருக்காங்க. உள்ளதை எழுதட்டுமா?"

"எழுதுங்களேன். திட்டத்தை மூடிடுவாங்க. நான் நாளைக்கே பெட்டியைக் கட்டறேன்."

கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். 'இரண்டு மடங்கு' என்று எழுதினார். எழுத்தரம்மா கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரத்தில் ஆராய்ச்சிப் பெண் வந்து இறங்கினாள். கையில் நாற்பது மாவட்டங்களின் அறிக்கை. எப்படியாவது ஒரு தப்பைக் கண்டுபிடித்து இந்தக் கூத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் புறப்பட்டிருந்தாள். அதிகாரிகள் கதவு போட்ட அறைகளில் இருந்ததால் அவர்களுக்கு மட்டும் விசிறி இறக்குவதிலிருந்து விலக்கு உண்டு. எழுத்தரம்மாவின் அறையில் விசிறி சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் சண்டை போட்டது உங்களுக்குத் தெரியும்" என்றாள். "ஒரு இடத்துல நடந்தா நம்பக் கூடாதுன்னுதான் படிச்சேன். ஆனா நாற்பது இடம். வேற வேற ஊர், வேற வேற ஆளுங்க. எல்லாத்துலயும் இரண்டு மடங்கு. பத்து நாளா தூங்காம யோசிச்சேன். மத்தவங்க பொய் சொல்லலாம். உங்க கையெழுத்தையும் பார்த்தேன். நீங்க சொல்ல மாட்டீங்க."

எழுத்தரம்மா வாயைத் திறந்தார். பக்கத்து அறையிலிருந்து கணவர் இருமும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"தப்பு என் மேலதான் இருந்திருக்கு" என்றாள் அந்தப் பெண். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம் அண்ணாந்து பார்த்தாள். "இவ்வளவு நல்லதை உங்களுக்கு மட்டும் ஏன்க்கா இன்னும் தராம வச்சிருக்காங்க?"

எழுந்து போய், விசிறியை அவளே அணைத்தாள்.