நல்லாப் பிடிச்சிருக்கு

டிவிக்குப் பின்னால் தவழ்ந்துபோய் வயரைத் தளர்த்திவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் அப்பாவி முகத்தோடு எழுந்து நின்றார். "படம் ஓடாது போலிருக்கே!"

"மாடி மாடியா லிஃப்ட்டை ஓடவைக்கிற மனுஷனுக்கு ஒரு டிவி ஓடலையா?" என்றாள் மனைவி.

காட்டு மிருகங்களை ஜீப்பில் துரத்திக் கயிறு வீசிப் பிடிக்கிற பழைய படம். மகள் எங்கேயோ தேடி அனுப்பியிருந்தாள். கல்யாணப் பேச்சு நடந்தபோது இரு வீட்டாரும் சேர்ந்து பார்த்தது. அடடா, அது ஒரு காலம்! மூட்டைப்பூச்சி கடிக்கும் நாற்காலி, தலைக்கு மேல் புகையோடு மிதந்துவரும் வெளிச்சம், திரையில் புழுதியைக் கிளப்பும் காண்டாமிருகம். அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து சீட்டிலிருந்து வருங்கால மாமனார் கேட்டார்.

"பிடிச்சிருக்கா?"

கொட்டகையே விசிலடிக்க, மிருகத்தின் கழுத்தில் விழுந்த கயிற்றைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நல்லாப் பிடிச்சிருக்கு மாமா! இனி விடுற பேச்சே இல்லை!" என்று கத்திவிட்டார்.

இடைவேளையில் மாமியார் வாயில் சாக்லேட்டைத் திணித்தபோதுதான் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பதே புரிந்தது. பெண்ணை ஒழுங்காகப் பார்த்ததும் அப்போதுதான். பார்த்தவுடன் பிடித்துப்போனது, அது வேறு விஷயம்.

அவளோ வெட்கத்தில் திரையை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எல்லாரும் வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்வாங்க. இவர் கொட்டகையிலேயே கத்திட்டார்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடுமே!

மனைவி எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சர் ப்ரொஜெக்டரோடு வந்தாள். டிவிக்குள் அடங்கியிருக்க வேண்டிய காண்டாமிருகம் சுவர் முழுக்க நின்றது.

"மாமா தூங்குறாரே, இன்னொரு நாள்..." என்று இழுத்தார். மனைவி அப்பாவை எழுப்பி முன்னால் உட்காரவைத்தாள்.

கயிறு பறக்கிற சமயம் பார்த்து மெக்கானிக் வேண்டுமென்றே இருமத் தொடங்கினார். பதறிப்போன மனைவி படத்தை நிறுத்தினாள். சரியாகக் கயிறு கழுத்தில் இறுகிய இடம்.

தண்ணீரோடு வந்தவள் சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அன்னிக்குக் கொட்டகையே விசில் அடிச்ச இடம் இதுதானே? அப்பதானே சொன்னீங்க? அப்பா என்னைப் பத்திக் கேட்டார். நீங்க எதைப் பத்திச் சொன்னீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கயித்தை" என்றார்.

டீச்சர் மெதுவாகச் செருப்பைத் தேடினாள். மனைவியின் கண்கள் கலங்கின. அவர் அவள் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார்.

"உன்னைப் பத்தித்தான் கேட்கிறார்னு தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா கத்தியிருப்பேன்."

"அப்பா, கேட்டீங்களா இந்த அநியாயத்தை?"

மாமனார் சுவரிலிருந்த காண்டாமிருகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மாப்பிள்ளையை ஏம்மா திட்டுற? நானும் பயத்துல கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கயித்தைத்தான் கேட்டேன், திறந்து பார்த்தா உங்கம்மா கல்யாணத்துக்கு நாள் குறிச்சிட்டிருந்தா!"